நிலத்தடிக்கு விலைப்புள்ளி

தரைக்கு மேலே எழும் கட்டடத்துக்கு மதிப்பீடு தயாரிப்பவரிடம் வரைபடம் இருக்கும். சுவர் எத்தனை கன மீட்டர், ஜன்னல் எத்தனை, பூச்சு எத்தனை சதுர மீட்டர் என்பதை அவர் அளவுகோலை வைத்தே எண்ணிவிடலாம். தரைக்குக் கீழே போகும் வேலைக்கு மதிப்பீடு தயாரிப்பவரிடமும் வரைபடம் உண்டு; ஆனால் அதில் செய்து முடிக்க வேண்டிய பைல் இருக்குமே தவிர, அதை இறக்க வேண்டிய மண் இருக்காது. பைல் என்பது, மேல்மண் பலவீனமாக உள்ள இடங்களில் கட்டடத்தின் பளுவை ஆழத்திலுள்ள உறுதியான படிவத்துக்குக் கொண்டு சேர்ப்பதற்காக, பூமியில் துளையிட்டுக் கம்பிக்கூட்டை இறக்கிக் கான்கிரீட் நிரப்பி அமைக்கப்படும் தூண். சென்னையில் 1980களின் இறுதியில் பைலிங் ஒப்பந்த நிறுவனமொன்றின் எஸ்டிமேட் பிரிவில் சேர்ந்து, பணிக்காலம் முழுவதையும் அத்துறையிலேயே கழித்த இக்கட்டுரையாளருக்கு, அத்தொழில் இறுதிவரை ஒரே கேள்வியாகத்தான் இருந்தது: இந்த மண்ணில் ஒரு பைலுக்குத் துளையிடும் கருவியான ரிக் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும்? சிமென்ட்டின் விலையும் கம்பியின் விலையும் போட்டியாளர் அனைவருக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஒப்பந்தத்தில் லாபமோ நட்டமோ வந்தது நேரத்தின் வழியாக, அந்த நேரத்தைக் கையில் வைத்திருந்தது மண்.

அன்றைய எஸ்டிமேட் பிரிவு என்பது அமோனியா நெடி போகாத வரைபடச் சுருள்களும், ஒரு கால்குலேட்டரும், இந்தியத் தர நிர்ணய நூல்கள் அடுக்கிய ஓர் அலமாரியும் கொண்ட சிறிய அறை. டெண்டர் கட்டோடு வரும் பி.ஓ.க்யூ. எனப்படும் அளவுப் பட்டியலில் வேலைகள் வரிசையாகக் குறிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் உத்தேச அளவு தரப்பட்டிருக்கும். அதன் எதிரே விலையை எண்ணிலும் எழுத்திலும் மையால் எழுதி, அடித்தல் திருத்தல் இருந்தால் அங்கெல்லாம் சுருக்கொப்பம் இட வேண்டும். எண்ணுக்கும் எழுத்துக்கும் வேறுபாடு வந்தால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்ற விதி பொதுவாக இருந்ததால், எழுதி முடித்த பட்டியலை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சரிபார்ப்பது வழக்கமாயிருந்தது. 1990களின் நடுவில் கணினியும் லோட்டஸ் அட்டவணையும் வந்தபோது கூட்டல் பிழைகள் குறைந்தனவே தவிர, மண்ணைப் பற்றிய ஊகங்கள் குறையவில்லை; அவை அழகாக அச்சிடப்பட்டன, அவ்வளவே.

டெண்டர் கட்டில் அனுபவமுள்ள எஸ்டிமேட்டர் முதலில் பிரித்துப் பார்ப்பது போர்லாக் எனப்படும் துளைப் பதிவேட்டை. மனையில் சில இடங்களில் சிறிய துளையிட்டு, ஆழத்துக்கு ஆழம் என்ன மண் வந்தது, நீர்மட்டம் எங்கே நின்றது, மண்ணின் எதிர்ப்பு எவ்வளவு என்பவற்றைப் பதிந்து வைக்கும் தாள் அது. எதிர்ப்பை அளக்கும் முறை எளியது: 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, துளையின் அடியில் ஒரு குழாயை மண்ணுக்குள் அடிப்பார்கள். முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் விட்டு, அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்குவதற்கு எத்தனை அடி தேவைப்பட்டதோ அந்த எண்ணிக்கையை ‘என் வேல்யூ’ என்பார்கள். என் வேல்யூ இரண்டு, மூன்று என்றிருந்தால் அது விரலால் அழுத்தினாலே குழியும் சேற்றுக் களி. ஐம்பதைத் தாண்டினால் மிக இறுகிய மணலோ சிதைந்த பாறையோ இருக்கிறது என்று பொருள். வடிவமைப்புப் பொறியாளர் இந்த எண்களிலிருந்து பைல் எவ்வளவு பளு தாங்கும் என்று கணக்கிடுவார். எஸ்டிமேட்டர் அதே எண்களிலிருந்து ரிக் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணக்கிடுவார். அந்தத் தாளின் மூலையில் இருக்கும் தேதியைப் பார்ப்பதும் எஸ்டிமேட்டரின் வேலைகளில் ஒன்று. மே மாதத்தில் போட்ட துளையில் ஐந்து மீட்டரில் தண்ணீர் என்றிருக்கும். வேலை உத்தரவோ வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு வரும், அப்போது அதே இடத்தில் தண்ணீர் தரையோடு நிற்கும். தேதியைப் படிக்காமல் நீர்மட்டத்தை மட்டும் படித்தவரின் விலையில் பம்புசெட் வாடகை இருக்காது.

சென்னையின் நிலம் எஸ்டிமேட்டருக்குச் சவாலானது. ஒரே நகருக்குள் அது பல ஊர்களாக இருக்கிறது. கடற்கரையை ஒட்டி மணல், ஆற்றங்கரைகளில் மணலும் களியும் மாறி மாறி, வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கரணை வரை சதுப்பின் மென்களி, கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் ஆழம் அதிகமில்லாமலே தட்டும் பாறை. அந்தப் பாறைக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் உள்ள, ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட் அப்பெயரை இட்டார். உலகப் புவியியல் நூல்களில் இடம்பெற்றுவிட்ட அந்தப் பாறை, பைலிங் சைட்டில் பாறையுடைக்கும் சிசலின் முனையை மழுக்குவதற்காகவே அறியப்பட்டது. நகரின் நடுவிலும் எச்சரிக்கை தேவைப்பட்டது: தியாகராய நகரின் ஒரு பகுதி 1920களில் மாம்பலம் நீளேரியை வடித்து உருவாக்கப்பட்டது என்பதையும், வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடம் முன்பு நுங்கம்பாக்கம் ஏரியாக இருந்தது என்பதையும் அறிந்தவர், அந்த வட்டாரத்தில் வரும் டெண்டருக்கு விலை எழுதுமுன் பழைய நில அளவை வரைபடத்தை ஒருமுறை தேடிப் பார்ப்பார். அதற்கும் வழியில்லாதபோது, பக்கத்துத் தெருவில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களிடம் எத்தனை அடியில் பாறை தட்டியது என்று கேட்டு வருவதுண்டு. அரசுத் தாளில் இல்லாத செய்தி பலமுறை அவ்வழியே கிடைத்தது.

பொருள் கணக்கு எவ்வளவு எளிது என்பதை ஓர் உதாரணம் காட்டும். 600 மில்லிமீட்டர் விட்டமும் 22 மீட்டர் ஆழமும் கொண்ட பைலின் குறுக்குப்பரப்பு 0.2827 சதுர மீட்டர். ஆக, அதன் கொள்ளளவு 6.22 கன மீட்டர். தண்ணீருக்கடியில் ட்ரெமி குழாய் வழியாக, அதாவது கான்கிரீட் தண்ணீரில் கரைந்து பிரியாதபடி துளையின் அடிவரை இறக்கப்படும் குழாய் வழியாக ஊற்றப்படும் கான்கிரீட்டுக்குக் கன மீட்டருக்கு 400 கிலோ சிமென்ட் என்று வைத்தால், ஒரு பைலுக்கு ஏறத்தாழ 50 மூட்டை. நெடுக்குக் கம்பி 16 மில்லிமீட்டரில் ஆறு. விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கித்து 162ஆல் வகுத்தால் மீட்டருக்கான எடை கிலோவில் வரும் என்ற வாய்ப்பாட்டின்படி மீட்டருக்கு 1.58 கிலோ, சுற்றுக்கம்பி, ஒட்டு, வளையங்கள் எல்லாம் சேர்த்துக் கம்பிக்கூட்டின் எடை 320 கிலோ அளவில் நிற்கும். இவ்வளவும் புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர்கூட அரை மணி நேரத்தில் போட்டுவிடும் கணக்கு.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 600 மில்லிமீட்டர் துளை 600 மில்லிமீட்டராகவே நிற்கும் என்று மண் எந்த உறுதியும் தருவதில்லை. தளர்ந்த மணலில் பக்கச்சுவர் உதிர்ந்து துளை 650 மில்லிமீட்டராகப் பெருத்தால், பார்வைக்கு இரண்டு விரல் அகலம் கூடியதாகத் தெரியும் அந்த மாற்றம் கான்கிரீட்டை 17 விழுக்காடு கூட்டிவிடும். கட்டணமோ வரைபட விட்டத்துக்கு மட்டுமே கிடைக்கும். உதிர்வைத் தடுப்பதற்காக, தண்ணீரில் கலக்கும்போது கூழாகி நிற்கும் பென்டோனைட் என்னும் களிமண் வகையைக் கரைத்துத் துளைக்குள் நிரப்புவார்கள். அது பக்கச்சுவரில் மெல்லிய படலமாகப் படிந்து, தன் அழுத்தத்தால் மண்ணைத் தாங்கும். கரைசல் மிகவும் நீர்த்திருந்தால் சுவர் விழும், மிகவும் அடர்ந்திருந்தால் கான்கிரீட் இறங்கும்போது முழுமையாக மேலேறாமல் கலந்துவிடும் என்பதால், அதன் அடர்த்தியைச் சைட்டில் அவ்வப்போது அளந்துகொண்டே இருக்க வேண்டும். கூடுதல் கான்கிரீட்டுக்குப் பத்து விழுக்காடு வைப்பது அலுவலக வழக்கம். கடலோர மணலில் அந்தப் பத்தை அப்படியே விட்டவர்களும், இறுகிய களியில் அதே பத்தை வைத்து விலை கூடி டெண்டரை இழந்தவர்களும் ஒரே வாய்ப்பாட்டை நம்பியவர்களே. 300 பைல் உள்ள வேலையில் பத்து விழுக்காடு என்பது 187 கன மீட்டர் கான்கிரீட்.

நேரக் கணக்குக்கு வாய்ப்பாடு கிடையாது. 1990களில் பெரும்பாலான சைட்டுகளில் இருந்தது ட்ரைபாட் எனப்படும் முக்காலி ரிக். மூன்று கால்களின் உச்சியில் கப்பி, கீழே வின்ச், கம்பிவடத்தின் முனையில் மண்ணை அள்ள பெய்லரோ, பாறையை உடைக்க சிசலோ தொங்கும். பின்னர் பரவிய நீரழுத்தச் சுழல் ரிக் மென்களியில் சில மணி நேரத்தில் முடிக்கும் துளைக்கு முக்காலி இரண்டு மூன்று நாள் எடுக்கும். ஆனால் முக்காலியின் வாடகை குறைவு, குறுகிய சந்துக்குள்ளும் அதைப் பிரித்துக் கொண்டுபோய்ப் பூட்டலாம். எந்த ரிக் என்பதை முடிவு செய்தவுடன் எஸ்டிமேட்டர் போர்லாக்கின் ஒவ்வொரு படிவத்துக்கும் மணிக்கு எத்தனை மீட்டர் என்று ஒரு வேகத்தை எழுதிக்கொள்வார். அந்த வேகங்கள் எந்த நூலிலும் இல்லை. அவை சைட் ஃபோர்மேன்களின் தலைக்குள் இருந்தன. தமிழ் எழுதப் படிக்க மட்டுமே தெரிந்த மூத்த ஃபோர்மேன் ஒருவர், மேற்குப் புறநகர் வேலையொன்றின் போர்லாக்கை எஸ்டிமேட்டர் வாசித்துக் காட்டக் கேட்டுவிட்டுச் சொன்னது இன்றும் அப்படியே நினைவில் உள்ளது: “சார், அந்தப் பக்கம் எட்டு மீட்டர்லயே சுக்கான் தட்டிடும். பெய்லர் ஏறாது, சிசல் போட்டாத்தான் இறங்கும். ஒரு பாயின்ட்டுக்கு ஒரு நாள் கூட வெச்சுக்குங்க.” சுக்கான் என்பது சுண்ணாம்பு முடிச்சுகள் கலந்து இறுகிப்போன படிவம்; பாயின்ட் என்பது பைல் வரவேண்டிய இடம். போர்லாக்கில் அந்தப் படிவம் ‘இறுகிய பழுப்புக் களி’ என்று மட்டுமே பதிவாகியிருந்தது. அவர் சொன்ன அந்த ஒரு நாள் அப்படியே விலையில் ஏறியது.

விலையில் ஏறாமல் தப்பிவிடும் இனங்களும் சில உண்டு. அவற்றுள் கொடியது வெற்றுத்துளை. அடித்தளத்தில் கார் நிறுத்தும் தளம் இருந்தால் பைலின் தலை தரைக்குக் கீழே ஆறு மீட்டரில் முடியும். ஆனால் ரிக் தரையில் நின்றுதான் துளையிட வேண்டும். பைலின் நீளத்துக்கு மட்டுமே கட்டணம் என்று ஒப்பந்தம் சொல்லுமானால், 300 பைலுக்கு 1,800 மீட்டர் துளை கட்டணமின்றிப் போடப்படும். அளவுப் பட்டியலின் முகவுரையில், சிறிய எழுத்தில், ‘வெற்றுத்துளை உட்பட’ என்று ஒரு வரி இருக்கும். அவ்வரியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காகவே முகவுரையைப் பென்சிலோடு படிப்பது பழக்கமாயிற்று.

பளுச் சோதனையும் அப்படித்தான். வேலையில் சேராத தனிப் பைல் ஒன்றை அமைத்து, வடிவமைப்புப் பளுவைப் போல இரண்டரை மடங்கு ஏற்றிப் பார்ப்பது முதனிலைச் சோதனை. 100 டன் பைலுக்கு 250 டன். ஜாக்கி எதிர்த்துத் தள்ளுவதற்கு மேலே ஒரு பாரம் வேண்டும், அது சோதனைப் பளுவைவிடக் கால் பங்கு கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால், 312 டன்னுக்கு மணல் மூட்டைகளையோ கான்கிரீட் கட்டிகளையோ இரும்புத் தூலங்களின் மேல் அடுக்குவார்கள். மூட்டை தைப்பது, ஏற்றுவது, இறக்குவது, அந்த நாள்களில் பக்கத்துப் பைல்களில் வேலை செய்ய முடியாமல் ரிக் சும்மா நிற்பது எல்லாம் ‘சோதனை, ஒன்று’ என்ற ஒற்றை வரிக்குள் அடங்கும். அந்தப் பாரத்தின் அடியில், தார்ப்பாய்க் கொட்டகைக்குள் இரவெல்லாம் உட்கார்ந்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் டயல் கேஜைக் கைவிளக்கு வெளிச்சத்தில் படித்து நோட்டில் எழுதும் இளநிலைப் பொறியாளரின் இரவுப்படியையும் நல்ல எஸ்டிமேட்டர் மறப்பதில்லை.

அளவுப் பட்டியலை வாசிப்பதில் அறமும் தந்திரமும் கலந்த ஒரு பகுதி இருந்தது, அதைப் பற்றி இத்துறையினர் வெளியில் அதிகம் பேசுவதில்லை. பட்டியலில் கடும்பாறைத் துளைக்கு 50 மீட்டர் என்றிருக்க, போர்லாக்கின்படி அது 300 மீட்டருக்குக் குறையாது என்று தெரிந்தால், அந்த இனத்துக்கு உயர்ந்த விலையும், குறையப்போகும் வேறோர் இனத்துக்குத் தாழ்ந்த விலையும் எழுதலாம். மொத்தத் தொகை குறைந்தே நிற்கும், டெண்டர் கிடைக்கும், வேலை நடக்கும்போது வருமானம் உயரும். இது சட்டப்படி குற்றமல்ல. விழிப்பான அலுவலர் கண்டுபிடித்து விளக்கம் கேட்பதும் உண்டு. ஆயினும் பட்டியலைத் தயாரித்தவர் கவனமாகத் தயாரித்திருந்தால் இந்த வித்தைக்கே இடமிருந்திருக்காது என்பதால், பழியில் பாதி அவருக்கும் உரியது.

டெண்டர் நாளின் கடைசி ஒரு மணி நேரம் தனி வகை. நாள்கணக்கில் உழைத்துச் சேர்த்த விலையை, உறையை ஒட்டுவதற்குச் சற்று முன் முதலாளி ஒரே வாக்கியத்தில் குறைப்பார். “யார் யார் எடுத்திருக்காங்கன்னு விசாரிச்சீங்களா?” என்பது அவருடைய முதல் கேள்வி, பதிலைக் கேட்டதும், காரின் பின் இருக்கையில் வைத்தே தள்ளுபடிக் கடிதத்தில் விழுக்காட்டை நிரப்புவார். அந்த விழுக்காட்டுக்குப் பின்னால் மண்ணைப் பற்றிய எந்தச் செய்தியும் இருக்காது, போட்டியாளரைப் பற்றிய அச்சம் மட்டுமே இருக்கும். 1998இல் தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளின் வெளிப்படைத்தன்மைக்கான சட்டம் வந்தபின் உறைகளைப் பிரிக்கும் முறை ஒழுங்குபட்டது உண்மை. தகுதி பெற்றவருள் குறைந்த விலை சொன்னவரான எல்-1க்கே வேலை என்ற நெறியும் அதனோடு உறுதிப்பட்டது. சாலைக்கும் சுவருக்கும் பொருந்தும் அந்த நெறி, பூமிக்கடியில் நடக்கும் வேலையில், மண்ணை மிகக் குறைவாக அஞ்சியவரைத் தேர்ந்தெடுக்கும் முறையாகிவிடுகிறது.

நேரமே விலை என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது பைல் வேலை அன்று, மென்களியை மேம்படுத்தும் வேலை. நீர் நிறைந்த களியின் மேல் மண்மேட்டை ஏற்றினால் அதன் நீர் மெல்ல வெளியேறி நிலம் அமுங்கும். இயல்பாக விட்டால் அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். நீர் வெளியேறும் நேரம் அது கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதைக் கார்ல் டெர்சாகி 1920களில் நிறுவினார். தூரத்தைப் பாதியாக்கினால் நேரம் கால் பங்காகும். இதனால் 100 மில்லிமீட்டர் அகலமும் சில மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பிளாஸ்டிக் வடிநாடாக்களைக் களிக்குள் நெருக்கமாகச் செருகி, நீருக்குக் குறுக்குவழி அமைத்துக் கொடுப்பார்கள். நாடாவை ஒன்றரை மீட்டருக்கு ஒன்று வைப்பதா, ஒரு மீட்டருக்கு ஒன்று வைப்பதா என்ற கேள்விக்கு விடை மண் பொறியியலில் மட்டும் இல்லை. உரிமையாளரால் எத்தனை மாதம் காத்திருக்க முடியும், அந்த மாதங்களுக்கு அவர் கட்டும் வட்டி எவ்வளவு என்பதில் இருக்கிறது. அத்தகைய வேலைகளில் மட்டுமே வாடிக்கையாளர் எஸ்டிமேட்டரை அழைத்து எதிரில் உட்காரவைத்து, நேரத்தையும் பணத்தையும் ஒரே தாளில் வைத்துப் பேசினார்.

மண் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தால் நட்டம் யாருடையது என்ற கேள்வி ஒப்பந்தச் சொற்களில் தீர்மானமாகிறது. பன்னாட்டு அளவில் பயன்படும் ஃபிடிக் ஒப்பந்த நூலின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பு, அனுபவமுள்ள ஒப்பந்தக்காரரும் முன்கூட்டி அறிய முடியாத நிலத்தடி நிலைமைக்குக் கூடுதல் நேரமும் செலவும் கோர வழி தருகிறது. இங்குள்ள பல ஒப்பந்தங்களில் அதற்கு நேர்மாறான வரி இருக்கும்: போர்லாக் தகவலுக்காக மட்டுமே தரப்படுகிறது, அதன் சரித்தன்மைக்குத் துறை பொறுப்பல்ல, ஒப்பந்தக்காரர் நேரில் பார்த்துத் தாமே முடிவு செய்துகொள்ள வேண்டும். டெண்டர் அறிவிப்புக்கும் உறை பிரிப்புக்கும் இடையில் உள்ள மூன்று வாரத்தில், தம் சொந்தச் செலவில், பிறருடைய மனையில் துளையிட்டுப் பார்க்க எந்த ஒப்பந்தக்காரராலும் இயலாது என்பது அந்த வரியை எழுதியவருக்கும் தெரியும்.

நகரின் தெற்கே, சதுப்பை ஒட்டிப் பல ஏக்கர் பரந்த மனையொன்றுக்கு வந்த டெண்டர் இதற்குச் சான்று. மொத்தம் மூன்று துளைகள், மூன்றும் சாலையோரத்தில். உள்ளே சேறாக இருந்ததால் துளையிடும் கருவி போக முடியவில்லை என்பது சைட்டைப் பார்த்தவுடனே விளங்கியது. சேறாக இருந்த பகுதியைத்தான் முதலில் ஆராய்ந்திருக்க வேண்டும். பைலின் நீளம் 18 மீட்டர் என்று வரைபடம் சொன்னது. 18 மீட்டருக்கு மேல் போனால் தனி விலை, துளை நிற்காவிட்டால் அதன் பக்கச்சுவரைத் தாங்கும் எஃகு லைனருக்குத் தனி விலை என்று இக்கட்டுரையாளர் தயாரித்த விலைப்புள்ளி, நிபந்தனை கொண்டது என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டது. வேலை கிடைத்தவர் உட்பகுதியில் 24 மீட்டர் வரை போயும் உறுதியான மண்ணைக் காணவில்லை. லைனருக்குப் பணம் யார் தருவது என்ற கடிதப் போக்குவரத்தில் ரிக்குகள் நின்றன, வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போயிற்று, கட்டடம் ஆண்டுக்கணக்கில் தாமதமாயிற்று. இன்னும் சில துளைகளுக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு, அந்த வழக்கின் முதல் அமர்வுகளுக்கான கட்டணத்தைக்கூட எட்டியிருக்காது.

2014 ஜூன் 28 அன்று சென்னைப் புறநகரான மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். அதன் காரணங்களை ஆராய விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. தொழிலில் உடனே தெரிந்த மாற்றம், அதுவரை மண் பரிசோதனையை வீண் செலவு என்று ஒதுக்கிய தனியார் கட்டுநர்கள் தாங்களாகவே அறிக்கை கேட்டு வரத் தொடங்கியது. அந்த அக்கறை சில ஆண்டுகளில் தளர்ந்ததையும் எஸ்டிமேட் மேசை கண்டது.

டெண்டர் விடும் பொறியாளர்களிடம் இத்துறையினர் கேட்க வேண்டியவை சிலவே. வெற்றுத்துளைக்கும், பாறைக்குள் இறங்கும் பகுதிக்கும், ரிக் சும்மா நிற்கும் நேரத்துக்கும் பட்டியலில் தனித்தனி வரி கொடுக்க வேண்டும். எடுத்த பாறைத் துண்டுகளை மரப்பெட்டியில் ஆழம் எழுதி வைத்து, விலை சொல்ல வருபவர் எடுத்துப் பார்க்க விட வேண்டும். போர்லாக்குக்கு அதைப் போட்டவரும் போடச் சொன்னவரும் பொறுப்பேற்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாகப் போதிய துளைகளைப் போட வேண்டும். சுமார் 0.4 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர் கட்டட மனைக்கு மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக ஐந்து துளைகள் என்பது புதிய கோரிக்கை அல்ல, ஐ.எஸ். 1892 என்னும் இந்தியத் தர நிர்ணய நூலின் 1979ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே அது அச்சாகியிருக்கிறது.